இன்ஜினை அடக்கி இறங்கிய நதேஷ்தா

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது சித்தப்பா டிவிஎஸ் 50-ஐ அணைத்துவிடுவார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற கணக்கு. 20 கொண்டை ஊசி வளைவுகள், பின்சீட்டில் நான். காதில் காற்றின் இரைச்சலும் சங்கிலியின் கிலுகிலுப்பும்தான். இன்ஜின் சத்தம் கேட்டால் தூரத்திலேயே ஒதுங்கிவிடும் குரங்குகள், நாங்கள் வருவது தெரியாமல் ரோட்டில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கும். பத்தடி இருக்கும்போதுதான் அலறிக்கொண்டு துள்ளும். (யாரும் செய்து பார்க்க வேண்டாம். ஏறின கியரிலேயே இறங்கு என்பதுதான் மலை டிரைவர்களின் பாடம்.)

இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசிய சோவியத் பெண் விமானி நதேஷ்தா போப்பவாவைப் பற்றிப் படித்தபோது அந்தக் குரங்குகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

1921-இல் பிறந்து, உக்ரைனின் தொனெத்ஸ்க் நிலக்கரிப் பகுதியில் வளர்ந்தவர். 15 வயதிலேயே கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) பள்ளியில் சேர்ந்தார். 1941-இல் ஜெர்மனி சோவியத் யூனியன்மீது படையெடுத்தது; சகோதரன் லியோனித் அந்த ஆண்டே போரில் இறந்தான். அதே ஆண்டு மரீனா ரஸ்கோவா என்ற புகழ்பெற்ற விமானி சோவியத் படையில் பெண்களுக்கென்று மூன்று விமானப் படைப்பிரிவுகளை உருவாக்கினார். அதில் ஒன்றான 588-ஆவது இரவு குண்டுவீச்சுப் பிரிவில் போப்பவா சேர்ந்தார். விமானி, வழிகாட்டி, மெக்கானிக், குண்டு ஏற்றுபவர் என எல்லோருமே பெண்கள்.

அவர்களுக்குக் கிடைத்த விமானம் போ-2. மரச்சட்டம், மேலே துணி, மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, 100 குதிரைத்திறன் இன்ஜின். பயிற்சிக்கும் வயலில் மருந்து தெளிக்கவும் பயன்பட்ட வண்டி. பகலில் பறந்தால் ஒரே சூட்டில் முடிந்துவிடும். அதனால் இரவில் மட்டும் பறந்தார்கள். இலக்கு நெருங்கியதும் இன்ஜினை அடக்கிவிட்டு, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து குண்டைப் போட்டார்கள்.

இன்ஜின் அடங்கினால் விமானம் கல் மாதிரி விழாதா? விழாது. டிவிஎஸ் 50-ஐ இழுத்துக்கொண்டு போனது எது? மலைச்சரிவும் ஈர்ப்பு விசையும். விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவில் இறங்கத் தொடங்கும். எடையின் ஒரு பங்கு முன்பக்கம் இழுக்கும். அந்த வேகத்தில் இறக்கைமேல் காற்று ஓடும். ஓடும் காற்று இறக்கையைத் தாங்கும். சேர்த்து வைத்த உயரத்தைச் சில்லறையாக மாற்றிச் செலவழிப்பது போல. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு மீட்டர் முன்னால் போகும் விமானம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஏற்காட்டு மலை விளிம்பில் இருக்கும் லேடீஸ் சீட் பக்கத்தில் இன்ஜினை அடக்கினால் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் வரலாம். அடிவாரம், கோரிமேடு எல்லாம் தாண்டிவிடும்.

அப்போது மிஞ்சும் சத்தம், இறக்கைகளுக்கு நடுவே கட்டியிருக்கும் கம்பிகளிலும் துணியிலும் காற்று உரசுவது மட்டும். கீழே இருந்த ஜெர்மன் வீரர்களுக்கு அது துடைப்பக்கட்டையில் பறக்கும் சூனியக்காரியின் சத்தமாகத் தோன்றியதாம். 'இரவுச் சூனியக்காரிகள்' என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது, அந்த விமானத்தின் மந்தம். போ-2-இன் உச்ச வேகமே மணிக்கு 150 கிலோமீட்டர் அளவுதான். துரத்தி வரும் ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 அந்த வேகத்துக்கு இறங்கினால் அதற்கே ஆபத்து. ஏன்? இறக்கை தரும் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூக்கு விசை கால்வாசி. ஈடுகட்ட மூக்கை உயர்த்த உயர்த்த, ஒரு கட்டத்தில் காற்று இறக்கையின் மேல்பரப்பை விட்டுப் பிய்ந்துவிடும். விமானம் தொப்பென்று சரியும். போ-2-இல் ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் சுமப்பது 30, 40 கிலோ. மெஸ்ஸர்ஷ்மிட்டில் 200 கிலோவை நெருங்கும். ஐந்து மடங்கு சுமையைத் தாங்க, ஐந்தின் வர்க்கமூல அளவு கூடுதல் வேகம் வேண்டும். அதாவது இரண்டு மடங்குக்கு மேல். ஆக, வேட்டையாட வந்தவன் ஒரே பாய்ச்சலில் சுட்டுவிட்டுத் தாண்டிப் போக வேண்டியதுதான். அவன் வட்டமடித்துத் திரும்புவதற்குள் இவள் மரங்களுக்கு மேலாக ஒதுங்கியிருப்பாள்.

தேடுவிளக்குகளை ஏமாற்ற இன்னொரு உத்தி இருந்தது. மூன்று விமானங்கள் சேர்ந்து போகும். இரண்டு சத்தத்தோடு முன்னால் போய் வெளிச்சத்தைத் தங்கள்மேல் இழுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிரியும். மூன்றாவது இருட்டில் வழுக்கி வந்து குண்டைப் போடும். அப்புறம் இடம் மாற்றிக்கொள்வார்கள், மூன்றும் போட்டு முடிக்கும் வரை. பாராசூட் கிடையாது, 1944-இல்தான் வந்தது. போப்பவா ஒரே இரவில் 18 முறை பறந்திருக்கிறார். போர் முடிவதற்குள் மொத்தம் 852.

ஒவ்வொரு முறையும் குண்டைப் போட்ட கையோடு த்ராட்டிலைத் திறந்தாக வேண்டும். உயரம் செலவாகிவிட்டது, தரை நெருங்கிவிட்டது, இன்ஜின் முழங்கினால்தான் மேலே ஏற முடியும். முழங்கினால் கீழே இருப்பவர்களுக்கு இடம் தெரிந்துவிடும். இன்ஜின் குளிர்ந்துபோய் இருமத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசம். அடிவாரத்தில் சித்தப்பா பெடலை மிதிக்கும்போது வண்டி பாதி நாள் பிடிக்காது. நாங்கள் டீக்கடை வரை தள்ளிக்கொண்டு போவோம்.