பேக்கப்: மாற்றா, காப்பா, கைகாவலா?

குன்னூரில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு செய்கிறவனுக்கு எல்லா வேலையும் வரும். தேயிலை ஏல விதிமுறை வரும், தங்கும் விடுதி விளம்பரம் வரும். போன ஜூனில் வந்தது, மலை நகராட்சி ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கான திட்டக் குறிப்பு. பன்னிரண்டு பக்கத்தில் 'பேக்கப் பவர்' முப்பத்தொரு இடத்தில் இருந்தது. எனக்கு முன் யாரோ பாதிவரை செய்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முதல் பக்கத்தில் 'மாற்று மின்சாரம்', மூன்றாம் பக்கத்தில் 'காப்பு மின்சாரம்', ஐந்தாம் பக்கத்தில் 'பின்புல மின்சாரம்'. ஒரே பொருளுக்கு மூன்று பெயர் வைத்தால் ஒப்பந்ததாரர் மூன்று மெஷினுக்கு பில் போட்டுவிடுவார்.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'பேக்' முதுகு, 'அப்' மேலே. ஒருவருக்குப் பின்னால் நின்று முதுகு கொடுப்பதுதான் வினைச்சொல்லின் பழைய பொருள். முதலில் இருப்பது கைவிட்டால் வந்து நிற்பதற்கென்று ஒதுக்கி வைத்தது என்ற பெயர்ச்சொல் அதிலிருந்து கிளைத்தது. பிற்பாடு கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே தமிழில் காப்புநகல் என்று நிலைத்தும்விட்டது. ஆங்கிலத்தில் தாங்குகிறவர் பின்னால் நிற்கிறார், தமிழில் பக்கத்தில் நிற்கிறார்: பக்கபலம், பக்கத்துணை. அந்த வகையில் 'ஸ்டாண்ட்பை' நமக்கு நெருக்கமான சொல். அருகே நில் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். கப்பல்காரர்கள் புழங்கிய சொல், ஆபத்துக்கு உதவப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கும் கப்பலைக் குறித்தது.

ஆனால் சாக்கடைத் தொழிலில் பேக்கப்புக்கு இன்னொரு முகம் உண்டு. கழிவுநீர் மேற்கொண்டு போக வழியில்லாமல் வந்த குழாயிலேயே திரும்பி ஏறுவதையும் ஆங்கிலத்தில் பேக்கப் என்றே சொல்கிறார்கள். அந்தக் குறிப்பில் இரண்டு பேக்கப்பும் ஒரே வாக்கியத்தில் வந்தன. முன்னவர் அதை 'காப்பு இல்லாவிடில் காப்பு ஏற்படும்' என்று எழுதிவைத்திருந்தார். சிரித்தேன், அப்புறம் அரை மணி நேரம் நானே அந்த வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். இந்த இரண்டாவது பேக்கப்புக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: எதுக்களித்தல். தின்றது நெஞ்சுக்கு ஏறி வருமே, அதேதான். 'குழாய் எதுக்களிக்கிறது' என்றால் ரோட்டு மட்டத்துக்குக் கீழே குளியலறை வைத்திருக்கிற எந்த மலைவீட்டுக்காரருக்கும் விளக்கம் தேவைப்படாது.

மலைதானே, சாக்கடை தானாக இறங்கி ஓடாதா, கரண்ட் எதற்கு என்று சமவெளி நண்பர்கள் கேட்பார்கள். ஓடும். ஓடிப்போய் எங்கே நிற்கும் என்பதுதான் சங்கடம். ஊட்டியும் கொடைக்கானலும் கிண்ணத்தின் விளிம்பில் கட்டிய ஊர்கள், கிண்ணத்தின் அடியில் ஏரி. ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்குக் கழிவுநீர் வந்து சேர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சி. அதன் முன்னால் நின்று படம் பிடிப்பவர்கள் இதை நினைப்பதில்லை. பள்ளத்தில் சேர்ந்ததை ஏரிக்கு விடாமல் மேலே ஏற்ற உந்து நிலையம் வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளும் முதல் தொட்டிக்கு ஏற்ற பம்ப் வேண்டும். அதற்கப்புறம் ஏரேஷன் தொட்டிக்குக் காற்றடிக்கும் புளோயர்கள். அழுக்கைத் தின்கிற நுண்ணுயிர்கள் அந்தக் காற்றில்தான் உயிரோடு இருக்கின்றன. சில மணி நேரம் காற்று நின்றால் தொட்டி நாற ஆரம்பிக்கும். செத்த கூட்டத்தை மறுபடி வளர்த்தெடுக்க நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும்.

பம்புக்கு அந்தச் சில மணி நேரம்கூடக் கிடையாது. ஒரு எம்.எல்.டி. என்பது நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். ஐந்து எம்.எல்.டி. நிலையம் என்றால் மணிக்குச் சராசரியாக 2 லட்சத்து 8 ஆயிரம் லிட்டர். சேகரிப்புக் கிணற்றில் 50 ஆயிரம் லிட்டருக்கு இடம் காலியாக இருக்கும்போது கரண்ட் போகிறது என்று வையுங்கள். பதினாலு நிமிடத்தில் விளிம்பு தட்டும். ஊரே குளிக்கிற காலை ஏழு மணியில் வரத்து சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், அப்போது ஆறேழு நிமிடம்தான். அதற்குமேல் எதுக்களிப்பு.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். 'மாற்று மின்சாரம்' எனக்கு ஒத்துவரவில்லை. மாற்று எரிசக்தி என்றால் சூரிய ஒளியும் காற்றாலையும் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. குறிப்பைப் படித்த ஒருவர் 'சோலார் போடுகிறார்களா, ஆடி மாச மஞ்சில் எங்கே வெயில்?' என்று என்னிடமே கேட்டார். 'காப்பு'ம் சிக்கல்தான். மின்காப்பு என்றால் கம்பிக்கு மேல் இருக்கும் இன்சுலேஷன் என்று பாடப்புத்தகம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. மின்பணியாளர் காதில் காப்பு மின்சாரம் என்பது அரைகுறையாகத்தான் விழும். 'பின்புலம்' பற்றிப் பேசவே வேண்டாம்.

நான் கடைசியில் போட்டது 'கைகாவல் மின்சாரம்'.

இது நான் உண்டாக்கிய சொல் இல்லை. 'கைகாவலுக்கு இருக்கட்டும்' என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜூனில் மழை பிடிப்பதற்கு முன் இங்கே தாழ்வாரத்தில் ஒரு அடுக்கு விறகு தனியாக ஏறும். கேஸ் சிலிண்டர் இருக்கும், கரண்ட் அடுப்பும் இருக்கும், ஆனாலும் அந்த அடுக்கைத் தொடமாட்டார்கள். கா என்னும் வேரிலிருந்து காவல். கை என்பது எட்டுகிற தூரத்தில் இருப்பதைச் சொல்கிறது, கைவிளக்கு, கைமாற்று போல. கையிருப்புக்கும் இதற்கும் நூலளவு வித்தியாசம் உண்டு. கையிருப்பு செலவழிப்பதற்கு, கைகாவல் ஆபத்துக்கு. டேங்கில் இருக்கும் டீசலைக் கையிருப்பு என்று எழுதினேன், ஜெனரேட்டரைக் கைகாவல் என்று எழுதினேன். குறிப்பு சட்டென்று தெளிந்துவிட்டது.

ஜெனரேட்டருக்குத் தமிழ் நிறையவே இருக்கிறது. நம் பாடநூல்களில் மின்னியற்றி, இலங்கையில் மின்பிறப்பாக்கி. லத்தீன் மூலத்தின் பொருள் பிறப்பித்தல் என்பதால் ஈழத்தார் சொல் மூலத்துக்கு அருகில் நிற்கிறது. ஆனால் டெண்டரில் ஜெனரேட்டர் என்றே விட்டேன். அதை மாற்றினால் விலைப்புள்ளி தருகிறவர் போன் செய்து கேட்பார்.

ஸ்டாண்ட்பை என்ற சொல்லில்தான் நிஜமான பொறி இருக்கிறது. ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையில் அது வெறும் வர்ணனை கிடையாது, ஓர் அளவு. ஐ.எஸ்.ஓ. 8528 தரவரையறையில் அவசரகால ஸ்டாண்ட்பை என்றால் ஆண்டுக்கு 200 மணி நேரம்வரை, அதுவும் சராசரியாக 70 சதவீதச் சுமையில். பிரைம் என்ற வகைக்கு மணிக்கணக்கு வரம்பு இல்லை. 200 மணி என்பது எட்டு நாளும் சொச்சமும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி ஒரு வாரம் வந்து கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) லைன் மேல் விழுந்தால் ஓராண்டுப் பங்கில் பெரும்பகுதி அந்த வாரத்திலேயே தீரும். 1932இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலைக்கு இந்த நிலை. இரண்டாவது ஃபீடர், அதாவது நிலையத்துக்குக் கரண்ட் கொண்டுவரும் இன்னொரு லைன், இருக்கிறதே என்பார்கள். இரண்டு ஃபீடரும் ஒரே சோலையின் ஓரமாக வந்தால் அது ஒரு ஃபீடர்தான்.

பெயர்ப்பலகையில் இருக்கும் கே.வி.ஏ. என்ற திறன் அளவும் மலை ஏறும்போது இளைத்துவிடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். டர்போ இல்லாத டீசல் இன்ஜின் 100 மீட்டருக்கு ஒரு சதவீதம் வீதம் வலு இழக்கும் என்பது தோராயக் கணக்கு. கே.வி.ஏ.யில் ஐந்தில் நாலு பங்கைக் கிலோவாட்டாக எடுப்பது வழக்கம், ஆகவே 100 கே.வி.ஏ. என்று வாங்கினால் கோவையில் 80 கிலோவாட், இங்கே அறுபத்துச் சொச்சம். அதோடு மோட்டாரை நேராகப் போட்டால் கிளம்பும்போது ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஸ்டார்-டெல்டா என்ற ஸ்டார்ட்டரைப் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு. எல்லா புளோயரையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டால் கைகாவல் அங்கேயே மூச்சடைத்து நிற்கும். முதலில் பம்ப், பிறகு ஒவ்வொரு புளோயராக.

டீசல் கணக்கு சுருக்கம். லிட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால் 60 கிலோவாட் சுமைக்கு நாளொன்றுக்கு 400 லிட்டருக்கு மேல். மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் டேங்கர் மேட்டுப்பாளையத்தில் நிற்கும். இரண்டு மூன்று நாளைக்கான இருப்பு மலை மேலேயே வேண்டும்.

மொழிபெயர்ப்பை ஒப்படைக்கும் முன் இன்னொரு மலையூர் நிலையத்தைப் பார்க்கப் போனேன். இருபது வருடமாக ஆபரேட்டராக இருக்கிற அண்ணன் ஜெனரேட்டர் ஷெட்டைத் திறந்தார். பேட்டரிக்கு மேல் பழைய சாக்கு சுற்றியிருந்தது. உறைபனிக் காலத்தில் காலையில் செல்ஃப் எடுக்காதாம்.

"இதை நீங்க என்னன்னு சொல்வீங்கண்ணா?"

"ஸ்டெப்னி" என்றார்.

அது ஒரு தெருப்பெயரிலிருந்து வந்த சொல். வேல்ஸில் ஸ்டெப்னி என்ற தெருவில் செய்த உபரிச் சக்கரம் உலகம் சுற்றி நம் ஊர் டிரைவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. கைகாவல் என்று எழுதியிருக்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அது சரிதான் சார். ஸ்டெப்னின்னா ஒரு வருஷம் டிக்கியில கெடந்தாலும் கெடக்கும். இதை அப்படி விட முடியாது."

வாரம் ஒருமுறை சுமை இல்லாமல் சும்மா ஓட்டிவிட்டு அணைக்கச் சொல்லி முன்பு உத்தரவாம். அப்படி ஓட்டினால் இன்ஜின் சூடேறாது, எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் படியும். இப்போது மாதம் ஒருமுறை மெயினை அவரே இறக்கி, பம்பையும் ஒரு புளோயரையும் இதன்மேல் ஏற்றி முக்கால் மணி நேரம் ஓட்டுகிறார். அன்றும் ஓட்டினார். மெயின் போனதும் ஷெட் இருண்டது. பத்துப் பன்னிரண்டு நொடி, கிணற்றில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். அப்புறம் இன்ஜின் இரண்டு முறை இருமிப் பிடித்துக்கொண்டது. அவர் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதலில் வெள்ளை, பிறகு சாம்பல். புகை அடங்கிய பிறகுதான் புளோயர் ஸ்விட்சில் கை வைத்தார்.