தோட்டாக் கவ்வி: சொல் விளக்கம்

சாட்கன் எனப்படும் சிதறுகுண்டுத் துப்பாக்கியின் பக்கவாட்டில், உதிரித் தோட்டாக்களை வரிசையாகப் பிடித்து வைத்திருக்கும் சிறு துணைக்கருவிக்குத் தமிழில் என்ன பெயர்? அமெரிக்காவில் இதை ‘ஷெல் ஹோல்டர்’ என்றும் ‘சைட் சேடில்’ என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தவறான பொருளே கிடைக்கும்.

முதலில் ‘ஷெல்’. ஆங்கிலத்தில் ஓடு, கூடு என்பது இதன் அடிப்படைப் பொருள். சாட்கன் தோட்டாவுக்கும் பீரங்கிக் குண்டுக்கும் அங்கே இந்த ஒரே சொல்தான். ஈழத் தமிழில் ‘செல்’ என்றால் எறிகணை. ‘செல் விழுந்தது’ என்றால் வீடு இடிந்தது என்று பொருள். கையளவு தோட்டாவுக்கு அந்தச் சொல்லைப் போடக் கூடாது. நமக்குத் ‘தோட்டா’ இருக்கிறது. இது இந்துஸ்தானி ‘டோட்டா’விலிருந்து வந்தது. மலையாளத்தில் மீன்பிடிக்க வெடிக்கும் மருந்துப் பொதியும் ‘தோட்ட’தான். தமிழ்நாட்டுக் கல்குவாரிகளிலும் பாறைத் துளையில் வைக்கும் வெடிக்கு இதே பெயர். ஆக, மருந்தை ஒரு கூட்டுக்குள் அடைத்த பொதி என்ற கருத்து இச்சொல்லில் நன்றாக ஊன்றியிருக்கிறது. இந்தியில் வழங்கும் ‘கார்தூஸ்’ வேறு வழியில் வந்தது. இத்தாலிய மொழியில் ‘கார்த்தா’ என்றால் தாள். மருந்தைத் தாளில் சுருட்டிய காலத்துப் பெயர் அது.

தோட்டாவையும் ரவையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் ரவை என்பது உள்ளே இருக்கும் சிறு ஈயக் குண்டுகள். இலங்கையில் ‘ரவை’ முழுத் தோட்டாவையும் குறிக்கும். அதனால்தான் அங்கே தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினுக்கு ‘ரவைக்கூடு’ என்ற அழகான பெயர் அமைந்தது.

அடுத்து ‘சைட் சேடில்’. இரண்டு கால்களையும் ஒரே பக்கமாகப் போட்டுப் பெண்கள் குதிரையேறுவதற்கு ஐரோப்பாவில் செய்த சேணம் இது. கால்கள் பெரும்பாலும் இடப்பக்கம்தான் தொங்கும். துப்பாக்கியிலும் இந்தக் கருவி இடப்பக்கம் உட்காருவதால் பெயர் பொருந்தியது. டாக்ஸ்டார் நிறுவனம் தன் தயாரிப்பை இந்தப் பெயரில் விற்கிறது. பேச்சில் மற்றவர் தயாரிப்பையும் அப்படியே சொல்கிறார்கள். தமிழில் ‘பக்கச் சேணம்’ என்றால் அந்தக் குதிரைச் சேணம் மட்டுமே நினைவுக்கு வரும். அந்தப் பெயர் வேண்டாம்.

பழந்தமிழில் அம்பு வைக்கும் கூட்டுக்கு அம்பறாத்தூணி, ஆவநாழிகை, புட்டில் என்று பெயர்கள் உண்டு. அம்பறாத்தூணியை அம்பு அறாத, அதாவது அம்பு தீராத தூணி என்று பிரிப்பார்கள். ஆனால் அவையெல்லாம் உள்ளே போட்டு வைக்கும் கூடுகள். இங்கே தோட்டா வெளியே தெரியும்படி இறுக்கத்தால் மட்டும் நிற்கிறது. ‘தாங்கி’ என்றால் சுமைதாங்கி போலக் கீழிருந்து தாங்குவதாக ஆகிவிடும். ‘செருகி’ ஏற்கெனவே மின்சார பிளக்குக்குப் போய்விட்டது. கவ்விப் பிடிப்பதுதான் இதன் ஒரே வேலை. எனவே ‘தோட்டாக் கவ்வி’ என்பதே சரியான பெயர்.

இந்தப் பெயரை மனதில் வைத்தாலே எதைப் பார்த்து வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும். 12 போர் (போர் என்பது குழல் அளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும்) தோட்டா ஒன்று ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் எடை. துப்பாக்கி சுடும்போது பின்னோக்கி உதைத்து மேலே எழும்பும்; தோட்டாவோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கவ்வல் தளர்ந்திருந்தால் அது நழுவிவிடும். அளவுக்கு மீறி இறுகியிருந்தால் அவசரத்தில் விரலுக்கு வராது. மேசா டாக்டிகல் நிறுவனத்தினுடையவை போன்ற அலுமினியக் கவ்விகளில் ரப்பர்க் குழாய் ஒன்று தோட்டாக்களின் மேல் அழுத்தி இந்த இறுக்கத்தைத் தருகிறது. ரப்பர் தேய்ந்தால் குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எலாஸ்டிக் வளையங்கள் மலிவு, எடையும் குறைவு. ஆனால் மாதக்கணக்கில் தோட்டா செருகியே இருந்தால் இழுவை போய்விடும். தாவரச் சாறு கொண்டு பதனிட்ட தோல் வளையம் தோட்டாவின் பித்தளை அடியில் பச்சைக் களிம்பு ஏற்றும். களிம்பேறிய தோட்டா, சுடுவதற்காக அது அமரும் அறைக்குள் சிக்கும்.

தோட்டாவின் பித்தளை அடி மேலே இருக்கட்டுமா, கீழேயா? அடிப்பகுதியின் விளிம்பு உடலைவிடச் சற்று அகலம். அது மேலே இருந்தால் கவ்வியின் வாயில் தட்டி நிற்கும். கீழே விழ வழியில்லை. கீழே இருந்தால் இறுக்கம் ஒன்றே துணை. ஆகவே ரப்பர் வலுவாக இருந்தால் மட்டுமே அடியைக் கீழே வைக்க வேண்டும். ஒற்றைக் குண்டுத் தோட்டாவைக் கையால் தடவியே அறிவதற்காக அதை மட்டும் தலைகீழாக வைக்கும் வழக்கமும் இருக்கிறது.

அளவில் தவறக் கூடாது. 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ.; 20 போருக்கு 15.6 மி.மீ. 20 போர் தோட்டா 12 போர் கவ்வியில் ஆடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அது தவறி 12 போர் குழலுக்குள் போனால் முன்னே வழுக்கிச் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான்.

பொருத்துவதற்கு ரெமிங்டன் 1100 என்ற சாட்கனை எடுத்துக்கொள்வோம். 1963-இல் வந்த அரைத்தானியங்கி இது; ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும். 1987-இல் வந்த 11-87-க்கும் அதே கவ்வி பொருந்தும். தோட்டா வெளியேறும் வாய் வலப்பக்கம் இருப்பதால் கவ்வி இடப்பக்கம் வரும். துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும், அறையிலும் குழாய் மேகசினிலும் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். விசையும் அதன் உறுப்புகளும் சேர்ந்த விசைத்தொகுதியை ரிசீவரில், அதாவது துப்பாக்கியின் நடு உடலில், பிடித்திருப்பவை இரண்டு குறுக்கு ஊசிகள். அவற்றுக்குப் பதிலாகக் கவ்வியுடன் வரும் நீளத் திருகாணிகள் போகும். இரண்டு ஊசிகளையும் ஒன்றாகத் தட்டி எடுத்தால் விசைத்தொகுதி நகர்ந்து துளைகள் ஒத்து வராது. ஒன்றை எடுத்து, அங்கே திருகாணியைச் செலுத்திய பிறகு மற்றதற்குப் போக வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது இதற்கடுத்த கட்டத்தில். ரிசீவரின் அடிப்பக்கம் தோட்டா ஏற்றுவதற்காகத் திறந்திருக்கிறது. அதனால் திருகாணியை முறுக்க முறுக்க இரு சுவர்களும் உள்ளே நெருங்கும். நடுவில் ஓடி, தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் போல்ட் உரசத் தொடங்கும். முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளும் பம்ப் துப்பாக்கியில் கை வலுவால் அதை மீறிவிடலாம். அரைத்தானியங்கியில் போல்ட்டைத் தள்ளுவது வாயுவும் சுருள்வில்லும்தான். சிறு உரசலே அடுத்த தோட்டா அறைக்குள் முழுதாகப் போகாமல் நிற்கப் போதும். எனவே கவ்வி மாட்டுவதற்கு முன்பே போல்ட் கைப்பிடியை மெதுவாக இழுத்து விட்டு அதன் ஓட்டத்தை விரலில் பதிய வையுங்கள். திருகாணியை இறுக்கிய பின் மறுபடி இழுங்கள். உரசல் தெரிந்தால் கால் சுற்று, மேலும் கால் சுற்று என்று தளர்த்தி, பழைய ஓட்டம் வந்ததும் நிறுத்துங்கள். அந்த நிலையில் திருகாணி தானாகக் கழலாதிருக்க மரையில் நீல நிற லாக்டைட் என்ற மரைப் பசை ஒரு சொட்டு இட்டு 24 மணி நேரம் விட வேண்டும். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். திருகாணித் தலையிலிருந்து தகட்டுக்கு ஒரு பெயிண்ட் கோடு போட்டால், நகர்ந்ததா என்பது ஒரு பார்வையில் தெரியும்.

திருகாணிக்குத் தயங்குபவர்களுக்கு வெல்க்ரோ பட்டை இருக்கிறது. ரிசீவரை ஆல்கஹாலால் எண்ணெய் போகத் துடைத்து, ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு மீந்திருந்தால் முதல் வெயிலிலேயே பட்டை வழுக்கும்.

ஆறு தோட்டா ஏற்றினால் இடப்பக்கம் ஏறத்தாழ 300 கிராம் கூடும். அந்தச் சாய்வு பிடிக்காதவர்களுக்கு நான்கு போதும். கடைசித் தோட்டா போனதும் 1100-இன் போல்ட் பின்னே நின்றுகொள்ளும். திறந்த வாயில் ஒன்றைப் போட்டு மூடினால் துப்பாக்கி தயார். அந்த ஒன்றுக்காகவே வாய்க்கு அருகில் ஒற்றைக் கவ்வி வைப்பவர்களும் உண்டு.

வங்கிக் காவலர் மார்பில் குறுக்காக அணிவது கவ்வி அல்ல. அது தோட்டா வார். தோளில் ஊன்றும் பின்கட்டையில் மாட்டும் எலாஸ்டிக் துணிக்குப் பெயர் ‘கட்டை உறை’. எழுதும்போது ‘தோட்டாவைக் கவ்வும் கருவி’ என்று விரிவதால் ‘தோட்டாக் கவ்வி’ என வல்லினம் மிகும். ‘தோட்டா வார்’ என்பதில் எதுவும் மிகாது.