"கேஸ் போடணும்" என்று ஆரம்பிக்காதீர்கள்

மார்ச் பிறந்துவிட்டால் யாங்கோனில் எங்கள் கார் ஏசி பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "சயா (பர்மியில் 'வாத்தியாரே'), கேஸ் போடணும்." தமிழர், பர்மியர் யாராக இருந்தாலும் இதே பாட்டு. வயிற்று வலிக்கு டாக்டரிடம் போனால் வலி எங்கே, எப்போது என்று சொல்கிறோம். ஏசிக்கு மட்டும் மருந்துச் சீட்டையும் நாமே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் ஒரே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலின் வாயிலில் அழுத்தம் சட்டென்று குறைய, அங்கே கொதித்து ஆவியாகி, வண்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக்கணக்கில் துளித் துளியாகக் கசியும், அது இயல்பு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேஸ் போடுகிறீர்கள் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கம்ப்ரசர் ஆயிலும் கேஸோடு சேர்ந்துதான் சுற்றும். அதனால் ஓட்டை உள்ள இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும், அதில் ஒட்டிய தூசியும் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலே பல ஓட்டைகள் சிக்கிவிடும்.

ஆகவே எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியது, எப்போது குளிர்கிறது, எப்போது குளிரவில்லை என்பதுதான்.

போன வெயிலில் ஒரு டாக்ஸிக்காரத் தம்பி வந்தார். "அண்ணே, மூணு கடையில கேஸ் போட்டாச்சு. போடப் போட மோசமாகுது" என்றார். தோண்டிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. காலையில் பெகு ரோட்டில் ஓடும்போது நன்றாகவே குளிர்கிறது. மதியம் லேடான் சந்திப்பில் பத்து நிமிஷம் நின்றால் அனல் காற்று. யாங்கோனில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் எல்லாரும் காரில்தான் போகிறார்கள். நெரிசலில் நிற்பது என்றால் நிற்பதுதான். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே கண்டென்சரின் சூட்டைக் கொண்டுபோய்விடும். நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி.

ஏசியை ஓட விட்டு, ஒரு வாளித் தண்ணீரை மெதுவாகக் கண்டென்சர் மேல் ஊற்றினேன். அழுத்தம் காட்டும் கேஜில் 320 பிஎஸ்ஐயில் நின்ற முள் சரசரவென்று இறங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்த தம்பி "வருது, வருது" என்று கத்தினார். ஃபேன் சுற்றத்தான் செய்தது, ஆனால் சோம்பேறித்தனமாக. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து போயிருந்தது. அப்புறம் கேஸை மெஷினில் இழுத்து எடை போட்டுப் பார்த்தேன். பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் 450 கிராம் என்று இருந்தது. வெளியே வந்ததோ கிட்டத்தட்ட 700. மூன்று கடைக்காரர்களும் போட்டி போட்டு ஊட்டியிருக்கிறார்கள். கேஸ் கூடினாலும் குளிராது. மேலழுத்தம் எகிறி, கம்ப்ரசர்தான் திணறும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டுக் கேஜ் மாட்டி, "நூத்திப் பத்து காட்டுது, ஃபுல்லா இருக்கு" என்பார்கள். 35 டிகிரி சூட்டில், கார் ஏசியில் சுற்றும் ஆர்134ஏ என்ற கேஸ் சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் அதே எண், 500 இருந்தாலும் அதே எண். வீட்டு அடுப்புச் சிலிண்டர் தீரப்போகும் வரை ஒரே மாதிரி எரிகிறதே, அந்தக் கணக்குதான். அளவு சரியா என்று உறுதியாகச் சொல்வது தராசு. முழுக்க இழுத்து, வேக்கம் போட்டு (குழாய்க்குள் மிஞ்சிய காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), ஸ்டிக்கரில் உள்ள கிராமை எடை போட்டு ஏற்றும் கடைக்குப் போங்கள். கூலி கூடத்தான் கேட்பார்கள், கொடுங்கள்.

மலிவுச் சிலிண்டர் வேண்டவே வேண்டாம். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் செத்தார்கள். ஆர்134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலிக் கேஸ் உள்ளே போய், அலுமினியத்தோடு வினைபுரிந்ததுதான் காரணம். கார் ஏசியிலும் பெரும்பாலும் அலுமினியம்தான். ஹைபிரிட் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மின்சாரக் கம்ப்ரசருக்கு ஆயிலே வேறு. சாதாரண ஏசி ஆயிலை ஊற்றினால் மின்காப்பு போய்விடும்.

அந்த டாக்ஸிக்காரத் தம்பியின் கதைக்கு நேர் எதிரானது ஒன்று: கிளம்பும்போது ஜில்லென்று இருக்கிறது, ஒரு மணி நேரம் ஓடியதும் காற்றே வரவில்லை, அணைத்து அரை மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடி வருகிறது. இது காயிலில் ஐஸ் கட்டுவது. சென்சார் கெட்டிருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம். அதிகம் நான் பார்ப்பது, வாங்கிய நாளிலிருந்து கழற்றவே கழற்றாத கேபின் ஃபில்டர், அதாவது வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டர். பழைய ஜப்பான் வண்டி ஒன்றிலிருந்து எலிக்கூட்டோடு சேர்த்தே எடுத்திருக்கிறேன்.

மழை தொடங்கியதும் புகார் மாறும். ஏசிக்கு அப்போது சூட்டைவிட ஈரம்தான் பெரிய சுமை. ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கக் காயில் உறிஞ்ச வேண்டிய வெப்பம், அதே ஒரு லிட்டரை அடுப்பில் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைப் போலச் சுமார் 8 மடங்கு. வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள், வேலை நடக்கிறது என்று அர்த்தம். சொட்டாமல், இடப்பக்கம் உட்காருகிறவரின் காலடி விரிப்பு நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றி விளையாடும் புத்தாண்டுத் திருவிழாவான திஞ்சான் முடிந்த வாரம் வரும் புளித்த வாடைக்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. நனைந்த துணியோடு ஏறி, ஈரச் சீட்டோடு கண்ணாடியை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். வீடு வந்து சேர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏசி பட்டனை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள், காயில் காயும். மழைநாளில் முன்கண்ணாடியின் வெளிப்புறம் பனி படிந்தால் ஏசி காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டு வைப்பரைப் போடுங்கள். நம்மவர்கள் உள்ளே துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

கரண்ட் போகும் ராத்திரிகளில் காரில் ஏசி போட்டுத் தூங்குவது இப்போது சகஜமாகிவிட்டது. ஒரு பெரியவர் இரண்டு வாரம் முன்பு வந்தார். "ஏசில படுத்தா தலைவலி, குமட்டல். கேஸ் லீக் ஆகி உள்ள வருதோ?" என்றார். எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். மூன்று பக்கமும் சுவர் உள்ள ஷெட்டில். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பயமில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தால் மஃப்ளருக்கு முன்னால் புகைக்குழாயில் கட்டை விரல் நுழையும் துரு ஓட்டை. இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஷெட்டில் நிறுத்தினால் குழாய் ஓட்டை இல்லாத வண்டியிலும் ஆள் எழுந்திருக்காமலே போகலாம். இரண்டு விரல் கண்ணாடி அதற்குப் போதவே போதாது.

குழாயை மாற்றினேன். இனிமேல் ராத்திரி வண்டியில் படுப்பதில்லை என்று என் எதிரிலேயே வீட்டம்மாவிடம் போனில் சொல்ல வைத்தேன். ஏசியைத் தொடவே இல்லை. போகும்போது, "அப்ப கேஸு?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் போனார்.