எல்.பி.என். என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பெண் எல்.பி.என். படிக்கிறாள் என்றால், ஊரில் பலரும் அதை நர்சிங் பட்டப்படிப்பு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பட்டம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. 'லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்' என்பதன் சுருக்கம்தான் எல்.பி.என். பதிவு பெற்ற செவிலியரான ஆர்.என்.னுக்கு ஒரு படி கீழே உள்ள பணி இது. இரத்த அழுத்தம் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, மருந்து கொடுப்பது போன்றவற்றை ஆர்.என். அல்லது மருத்துவரின் மேற்பார்வையில் செய்வார்கள். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இதே பணிக்கு எல்.வி.என். என்று பெயர்; 'பிராக்டிகல்' இருந்த இடத்தில் 'வொகேஷனல்', அவ்வளவுதான்.

இந்தப் படிப்பில் சேரப் பள்ளிப்படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது அதற்கு இணையான ஜி.இ.டி. தேர்வில் தேறியிருக்க வேண்டும். அப்புறம் மாநிலச் செவிலியர் வாரியம் ஏற்ற பயிற்சி, பெரும்பாலும் ஓராண்டு. உடற்கூறு, மருந்தியல் பாடங்களோடு மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் நேரடிப் பயிற்சி உண்டு. பல மாநிலங்களில் கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணியும் பார்ப்பார்கள். கடைசியாக என்கிளெக்ஸ்-பி.என். தேர்வு. விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வியைக் கணினியே தேர்ந்தெடுக்கும்; குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், நேரம் 5 மணி. இதில் தேறினால்தான் உரிமம்.

பெயரில் உள்ள 'பிராக்டிகல்' பழைய கதை. செவிலியர் பள்ளிக்குப் போகாமல், வீடுவீடாக நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே தொழில் பழகிய பெண்களை 19ஆம் நூற்றாண்டில் அங்கே அப்படி அழைத்தார்கள். நியூயார்க்கில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்ற கிறித்தவ இளம்பெண்கள் சங்கம் 1890களில் இதற்கு முறையான பயிற்சியைத் தொடங்கியது. உரிமத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 1938இல் இயற்றியது.

'நர்ஸ்' அதைவிடப் பழையது. பாலூட்டி வளர்ப்பவளைக் குறிக்கும் 'நூட்ரிக்ஸ்' என்ற இலத்தீன் சொல்லில் இருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'நியூட்ரிஷன்' இதற்குச் சொந்தக்காரச் சொல். நம் செவிலியும் வளர்ப்பவள் என்ற இதே பொருளில் இருந்து வந்தவள்தான். அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தோழி அந்தச் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். நற்றிணை 110ஆம் பாடலில் ஒரு கையில் தேன் கலந்த பால் நிறைந்த பொற்கிண்ணம், மறு கையில் சிறுகோலோடு 'உண்' என்று மிரட்டியபடி சிறுமியைத் துரத்தி, ஓட முடியாமல் களைத்து நிற்பவர்கள் 'செம்முது செவிலியர்'. இன்று அரசாணையில் வரும் அதே 'செவிலியர்'! இலங்கையில் வழங்கும் 'தாதி' வடமொழி 'தாத்ரி'யில் இருந்து வந்தது. அதற்கும் வளர்ப்புத்தாய் என்றே பொருள்.

சரி, எல்.பி.என்.னுக்கு என்ன சொல்லலாம்? 'துணைச் செவிலியர்' வேண்டாம். இந்தியாவில் அது ஏ.என்.எம். ('ஆக்ஸிலரி நர்ஸ் மிட்வைஃப்') படித்தவரைக் குறிக்கும், படிப்பும் பொறுப்பும் வேறு. 'நடைமுறைச் செவிலியர்' பொருள் தராமல் தொங்குகிறது. பள்ளியில் 'பிராக்டிகல்' தேர்வைச் செய்முறைத் தேர்வு என்றுதானே சொல்கிறோம்? 'உரிமம் பெற்ற செய்முறைச் செவிலியர்' என்பதே என் தேர்வு. சான்றிதழை மொழிபெயர்ப்பவர்கள் பக்கத்திலேயே எல்.பி.என். என்றும் போட்டுவிட்டால் குழப்பம் வராது.