எரிசக்தி ஆராய்ச்சிக்குப் போகும் அரசுப் பணம்: எதை வைத்து அளப்பது?

அரசு நிதியில் நடக்கும் எரிசக்தி ஆராய்ச்சித் திட்டங்களை மதிப்பிடுவது என் வேலை. கைக்கு வரும் இறுதி அறிக்கைகளில் கட்டுரைகள் எத்தனை, காப்புரிமைகள் எத்தனை, ஒதுக்கியதில் செலவானது எவ்வளவு என்ற விவரமெல்லாம் தவறாமல் இருக்கும். இந்தத் திட்டமே நடக்காமல் போயிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இதற்கு மட்டும் பெரும்பாலும் பதில் இருக்காது.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டது 2001இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட ஆய்வு. எரிசக்தித் துறை 1978 முதல் 2000 வரை எரிசக்திச் சிக்கனத்துக்கும் புதைபடிவ எரிபொருளுக்கும் செய்த ஆராய்ச்சியை அது எடைபோட்டது. சிக்கன ஆராய்ச்சிக்குப் போன பணம் சுமார் 700 கோடி டாலர்; நிகரப் பலன் சுமார் 3,000 கோடி டாலர். அதில் பெரும்பகுதி மூன்றே மூன்று பொருள்களால் வந்தது: ஃபிரிட்ஜ், டியூப்லைட்டின் எலெக்ட்ரானிக் சோக், வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடி. மூன்றுமே சின்னச் செலவில் நடந்த வேலைகள். ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாக லாபம் காட்டச் சொன்னால், இப்படிப்பட்ட வெற்றிக்கு இடம்கொடுக்கும் பல முயற்சிகளை முளையிலேயே கிள்ளிவிடுவோம்.

பலன் யாருடையது என்பதுதான் எனக்கு எப்போதும் பெரிய தலைவலி. 1970களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற புது ஃபிரிட்ஜ் ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் மின்சாரம் இழுத்தது. 2001 வாக்கில் அது சுமார் 500 யூனிட். ஆய்வகம் வழி காட்டியது உண்மை. ஆனால் கலிபோர்னியாவும் பிறகு மத்திய அரசும் கொண்டுவந்த தரவிதிகள் இல்லாமல் அது வீடுவீடாகப் போயிருக்காது. ஆகவே அந்த ஆய்வை நடத்திய குழு ஒரு விதி வைத்துக்கொண்டது: அரசு உதவி இல்லாவிட்டாலும் இந்தத் தொழில்நுட்பம் ஐந்து ஆண்டு தாமதமாக வந்திருக்கும்; அந்த ஐந்து ஆண்டுப் பலனை மட்டுமே கணக்கில் எழுதலாம். ஐந்து என்பது ஒரு ஊகம்தான். ஆனாலும் ஊகத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கணக்குப் போடுவதை நான் மதிக்கிறேன்.

பணமாகக் கைக்கு வந்ததோடு அவர்கள் நிறுத்தவுமில்லை. அவர்கள் போட்ட பலன் அட்டவணையில், நாளை விலையோ கொள்கையோ மாறினால் எடுத்துப் பயன்படுத்தத் தயாராக இருக்கும் தொழில்நுட்பத்துக்கு ஒரு நெடுவரிசை, சேர்ந்த அறிவுக்கு ஒரு நெடுவரிசை. பொருளாதாரத்தோடு சுற்றுச்சூழலும் எரிசக்திப் பாதுகாப்பும் அந்த அட்டவணையில் தனித்தனி வரிசைகள்.

சரி, எப்போது அளப்பது? ஷேல் என்ற களிமண் பாறை அடுக்குகளில் சிக்கியிருக்கும் எரிவாயுவை எடுப்பதற்கான அமெரிக்க அரசு ஆராய்ச்சி 1976இல் தொடங்கி 1992இல் முடிந்தது. அந்த எரிவாயு பெருமளவில் சந்தைக்கு வந்தது 2005க்குப் பிறகு. 2000இல் எந்தக் குழுவும் அதை முழுமையாகக் கணக்கிட்டிருக்க முடியாது. அதோடு வந்த மீத்தேன் கசிவையும் நிலத்தடி நீர்ப் பிரச்சினைகளையும் அதே அட்டவணையில் எழுதத்தான் வேண்டும்.

திட்டங்களுக்கு ஒப்புதல் தருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: தொடங்கும் நாளன்றே இன்றைய நிலையை எண்களில் பதிவு செய்யுங்கள். திட்டம் முடிந்து பத்து ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்ப்பதற்கென்று ஒரு சிறு தொகையை இப்போதே ஒதுக்கிவையுங்கள். பலிக்காத முயற்சிகளின் தரவுகளையும் அழிக்காமல் வையுங்கள்.