மூச்சை விட்டாலும் ஒட்டிக்கொள்ளாத நுரையீரல்

"ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை பிழைத்துவிடும், எட்டு மாதத்தில் பிறந்தால் பிழைக்காது என்கிறார்கள், உண்மையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சுத்தப் பொய். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களிலேயே இந்த நம்பிக்கை இருக்கிறது. வயது இரண்டாயிரத்துக்கு மேல், ஆதாரம் பூஜ்யம். ஏழு மாதக் குழந்தையைவிட எட்டு மாதக் குழந்தைக்குத்தான் வாய்ப்பு அதிகம். முக்கியக் காரணம் நுரையீரல்.

பிறக்கும்வரை அதற்குள் காற்று கிடையாது, திரவம்தான். ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியே வருவதால், பெரும்பகுதி ரத்தம் இதயத்திலுள்ள ஒரு துளை வழியாகவும், ஒரு குறுக்குக் குழாய் வழியாகவும் நுரையீரலைத் தவிர்த்துவிட்டுப் போகும். முதல் அழுகையோடு நுரையீரல் ரத்தக்குழாய்கள் விரியும், துளையின் கதவு மூடும், குறுக்குக் குழாய் இரண்டு மூன்று நாளில் சுருங்கும். சரி, இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான்.

நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்கு உள்ளே மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. நீரின் பரப்பு இழுவிசை அறையை எப்போதும் சுருக்கவே பார்க்கும். லாப்லாஸ் விதிப்படி, அறையின் ஆரம் பாதியானால் அதைத் திறந்து வைக்க இருமடங்கு அழுத்தம் வேண்டும். இரண்டு சோப்புக் குமிழிகளை ஒரு குழாயால் இணைத்தால், சின்னது தன் காற்றையெல்லாம் பெரியதற்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகும். நுரையீரலும் அப்படி நடந்துகொண்டால், மூச்சை விடும்போதெல்லாம் சின்ன அறைகள் ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் திரும்பத் திறக்கவே குழந்தையின் சக்தி தீர்ந்துவிடும்.

அப்படி ஆகாமல் காப்பது சர்ஃபாக்டன்ட். பெரும்பாலும் கொழுப்பு, கொஞ்சம் புரதம். அறைச்சுவரின் செல்களே சுரக்கின்றன. இதன் மூலக்கூறுகள் தலையை நீரிலும் வாலைக் காற்றிலும் வைத்துக்கொண்டு படலத்தின் மேல் நிற்கும். மூச்சை விடும்போது அறை சுருங்குகிறது, மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, நடுவில் நீருக்கு இடமே இருப்பதில்லை. இழுவிசை கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. மூச்சை இழுத்தால் அவை விலகி நிற்கும், இழுவிசை ஏறும். அதாவது, எந்த அறை ஒட்டிக்கொள்ளப் போகிறதோ அந்த அறையில்தான் இழுவிசை மிகக் குறைவு! மூளையிலிருந்து கட்டளை வரவேண்டியதில்லை, நரம்பும் தேவையில்லை. ஆரம் குறைவதால் வரும் ஆபத்தை, அந்தக் குறைவே சரிக்கட்டிவிடுகிறது.

கர்ப்பத்தின் சுமார் 24 வாரத்தில் தொடங்கும் சுரப்பு, பெரும்பாலான குழந்தைகளுக்கு 35 வாரம் வாக்கில்தான் போதுமான அளவுக்கு வரும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து 39 மணி நேரத்தில் மூச்சுத்திணறல் நோயால் இறந்தான். சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறைதான் இந்த நோய்க்குக் காரணம் என்று அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரி 1959லேயே கண்டுபிடித்திருந்தார், மருந்துதான் இல்லை. மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக ஜப்பானின் ஃபுஜிவாரா அறிவித்தது 1980இல்.

இந்தக் கதை குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்கவில்லை. நச்சுவாயு தாக்கிய நுரையீரலில் வரும் நுரை ஏன் உடைவதில்லை என்று பிரிட்டனின் ராணுவ ஆய்வுக்கூடத்தில் பேட்டில் என்பவர் ஆராய்ந்தார், நுரையீரலிலிருந்தே வரும் ஒரு படலம் இழுவிசையைக் குறைப்பதுதான் காரணம் என்று 1955இல் வெளியிட்டார். "இதனால் என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதிக்குழுக்களிடம் நுரைக்குப் பணம் கேட்டுப் பாருங்கள், கிடைக்காது.

அப்புறம், இன்று இதைவிட மலிவான வழியும் இருக்கிறது. குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் தாய்க்கே ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். குழந்தையின் நுரையீரல் வேகமாக முதிர்கிறது. நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் காட்டியது இது. டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. முழுப் பலனுக்கு ஒரு நாளாவது ஆகும். ஆகவே 34 வாரத்துக்கு முன் வலி வந்தால், பொய்வலியாக இருக்கும் என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.