'ஆபத்து 50 சதவீதம் அதிகம்' என்ற செய்தியைப் பார்த்ததும் மாத்திரையை நிறுத்தும் முன்

பொய்யான மருத்துவச் செய்திகளை நம்பாதீர்கள் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். வெங்காயத்தைப் பாதத்தில் கட்டினால் காய்ச்சல் போகும் என்கிற ரகத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை. என்னிடம் வருகிறவர்களை அதிகம் அலைக்கழிப்பது உண்மைச் செய்திதான். ஆய்வு நிஜமாகவே நடந்திருக்கும், நல்ல மருத்துவ இதழில் வெளிவந்திருக்கும், சொன்ன எண்ணும் சரியாக இருக்கும். அதில் பாதியை மட்டும் படித்துவிட்டு ஒருவர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மாத்திரையை நிறுத்தியிருப்பார்.

என் வேலையில் ஒரு பகுதி நோயாளிகளைப் பார்ப்பது; இன்னொரு பகுதி, மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை படிக்கக் கற்றுக்கொடுப்பது. வகுப்பில் சொல்வதைக் கொஞ்சம் இங்கேயும் சொல்லலாம் என்று தோன்றியது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒரு பெரியவர். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள், கூடவே வயிற்றைப் பாதுகாக்க பேன்டோபிரசோல். அதைத்தான் எல்லோரும் 'கேஸ் மாத்திரை' என்கிறார்கள். சோர்வாக இருக்கிறது என்று வந்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிப் போயிருந்தது. மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டதும் மகள்தான் தலையாட்டினார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படித்தான் போகும். எல்லா மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறீர்களா ஐயா என்றேன். "எல்லாம் போடறேன் டாக்டர், அந்த கேஸ் மாத்திரையை மட்டும் விட்டுட்டேன். கிட்னி போயிடும்னு ஆய்வுல வந்திருக்காமே?" என்று போனை நீட்டினார்.

செய்தி பொய்யில்லை. 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அது. அமில சுரப்பைக் குறைக்கும் இந்த வகை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்றது. தலைப்பில் அந்த 50-ஐப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அதே கட்டுரைக்குள் இன்னொரு எண் இருக்கிறது. மாத்திரை எடுத்தவர்களில் பத்து ஆண்டுகளில் 100-க்கு சுமார் 12 பேருக்கு அந்த நோய் வரும். அவர்களே மாத்திரை எடுக்காமல் இருந்திருந்தால் 100-க்கு எட்டு, ஒன்பது பேருக்கு வந்திருக்கும் என்பது கணிப்பு. அதாவது 100 பேரில் மூன்று பேர் கூடுதல், அதுவும் பத்து ஆண்டுகளில். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரியவர் மனதில் பதிந்திருந்தது, 'இந்த மாத்திரை போடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கிட்னி போய்விடும்' என்பது.

அந்த மூன்று பேரையும் மாத்திரைதான் கெடுத்தது என்பதாவது உறுதியா? இல்லை. அது கண்காணிப்பு ஆய்வு. ஆராய்ச்சியாளர்கள் யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களையும் எடுக்காதவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கேஸ் மாத்திரை யாருக்கு எழுதப்படுகிறது? எடை கூடியவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வேறு நாலு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இவர்களுக்கு மாத்திரை இல்லாமலேயே சிறுநீரகம் கெட வாய்ப்பு அதிகம். கணக்கில் இதையெல்லாம் சரிக்கட்டப் பார்ப்பார்கள், முழுவதும் முடியாது. அதைக் கட்டுரையிலேயே ஒப்புக்கொள்வார்கள். செய்தியில் அந்தப் பத்தி வருவதில்லை.

2019-ல் இன்னொரு ஆய்வின் முடிவு வந்தது. 17,000-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு பேன்டோபிரசோல், மறு பாதிக்கு அதே மாதிரி தெரிகிற வெற்று மாத்திரை. குலுக்கிப் பிரித்தால் இரண்டு பாதியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள் இருப்பார்கள், வித்தியாசம் வந்தால் அது மாத்திரையால்தான் என்று சொல்ல முடியும். எல்லோரும் இதய நோயோ கால் ரத்தக்குழாய் அடைப்போ உள்ளவர்கள், கிட்டத்தட்ட நம் பெரியவரைப் போன்றவர்கள். சராசரியாக மூன்று ஆண்டுகள் கவனித்ததில் சிறுநீரக நோயில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடுதல்: 100-க்கு 1 என்பது 1.4 ஆனது. மூன்று ஆண்டு என்பது பத்து ஆண்டு இல்லைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். காரணமே இல்லாமல் வருடக் கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துவது நல்லது. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை போடுகிறவர் வயிற்றுக்கான காவலை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரியவரின் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டே போதும். அவருக்கு ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோபி செய்து அனுப்பினோம்.

இது ஒரு குடும்பத்தோடு நின்ற கதை. ஒரு நாட்டையே பாதித்த கதையும் உண்டு. 1995 அக்டோபரில், குறிப்பிட்ட சில புதிய கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டி ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. எண் சரிதான். 7,000 பெண்களில் ஒருவர் என்பது 7,000-க்கு இரண்டு பேர் ஆகிறது, இரு மடங்கு! பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை அப்படியே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடுதலாயின. இதில் இன்னும் வருத்தமான விஷயம், கர்ப்பமே ரத்தக்கட்டி ஆபத்தை அந்த மாத்திரைகளை விட அதிகமாக்கும்.

ஆகவே 'சதவீதம் அதிகம்', 'மடங்கு அதிகம்' என்று எங்கே பார்த்தாலும் நான் மாணவர்களிடம் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: எத்தனை பேரில் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளில்? இந்த மூன்றும் கிடைக்காத செய்தியை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பயமுறுத்தும் செய்திக்கு மட்டுமில்லை, 'மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கும்' என்று ஆசை காட்டும் விளம்பரத்துக்கும் இதே கேள்விதான். 1,000 பேரில் இரண்டு பேருக்கு வருவது ஒருவருக்கு என்று குறைந்தாலும் அது பாதிதான்.

சரி, கண்காணிப்பு ஆய்வுகளை நம்பவே கூடாதா? அப்படியில்லை. புகைப்பிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பதை நாம் அறிந்ததே அப்படிப்பட்ட ஆய்வுகளால்தான். அங்கே வித்தியாசம் மலையளவு இருந்தது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில் பார்த்தும் அதே விடை வந்தது. சிறிய வித்தியாசம், ஒரே ஒரு ஆய்வு என்றால் நிதானம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சை இதயத்தைக் காக்கும் என்று பல ஆண்டுகள் கண்காணிப்பு ஆய்வுகள் சொன்னன. 16,608 பெண்களைக் குலுக்கிப் பிரித்துச் செய்த அமெரிக்க ஆய்வு 2002-ல் பாதியில் நிறுத்தப்பட்டபோது நிலைமை தலைகீழ். ஹார்மோன் எடுத்தவர்களில் மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்புகள் ஆண்டுக்கு 10,000-க்கு 37, எடுக்காதவர்களில் 30. மார்பகப் புற்றுநோய் 38, எடுக்காதவர்களில் 30. முன்பு ஹார்மோன் எடுத்த பெண்கள் பெரும்பாலும் வசதி உள்ளவர்கள், உடம்பைக் கவனித்துக்கொள்கிறவர்கள். இதயம் நன்றாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் பேசினார்கள்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 'மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம்' என்ற தலைப்போடு அந்தச் செய்தி உலகம் சுற்றியது, ஹார்மோன் என்ற பேச்சுக்கே பெண்கள் பயந்தார்கள். ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. உடம்பு கொதிக்கிறது, இரவெல்லாம் வியர்க்கிறது, தூக்கமில்லை என்று சிகிச்சை தேடி வருகிறவர் பெரும்பாலும் 50-ஐ ஒட்டியவர். 63 வயதுக்காரரின் எண்ணை 50 வயதுக்காரருக்கு அப்படியே தூக்கிப் போட்டதில் எத்தனையோ பேர் தேவையில்லாமல் அவதிப்பட்டார்கள். யாரை வைத்து ஆய்வு செய்தார்கள் என்பது கட்டுரையின் முதல் அட்டவணையிலேயே இருக்கும்: வயது, ஆண் பெண், வேறு நோய்கள். நான் முடிவுரையைப் படிப்பதற்கு முன்பே அந்த அட்டவணைக்குப் போய்விடுவேன். அதில் இருப்பவர்கள் எலிகள் என்றால் அன்றைக்கு அதோடு சரி, மூடி வைத்துவிடலாம்.

எதை அளந்தார்கள் என்பதில் மருத்துவர்களே ஏமாந்திருக்கிறோம். மாரடைப்புக்குப் பிறகு இதயத்துடிப்பு இடையிடையே தவறினால் திடீர் மரண ஆபத்து அதிகம். எனவே துடிப்பைச் சீராக்கும் மாத்திரை கொடுத்தால் உயிர் பிழைப்பார்கள் என்று நம்பிக் கொடுத்துவந்தார்கள். இசிஜியில் துடிப்பு அழகாகச் சீரானது. 1980-களின் இறுதியில் ஒருவழியாக வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற இரண்டு மருந்துகளை எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். இசிஜி நன்றாக இருந்தது, ஆள் இல்லை. 'ரத்தத்தில் இந்த அளவு குறைந்தது', 'ஸ்கேனில் அந்தப் புள்ளி மங்கியது' என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது, ஆட்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்களா, வலி குறைந்து நடமாடினார்களா என்று தேடிப் பாருங்கள். அது கட்டுரையில் இல்லையென்றால் இன்னும் யாருக்கும் தெரியாது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் செய்தியாளர்களைத்தான் திட்ட வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன். பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. பத்தில் நான்கு குறிப்புகளில் ஆய்வில் இல்லாத அளவுக்கு அறிவுரையை மிகைப்படுத்தியிருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கில், வெறும் தொடர்பைக் காரணமாகவே ஆக்கிவிட்டார்கள். செய்தி பத்திரிகை அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே, எங்களைப் போன்றவர்கள் இருக்கும் கட்டடத்திலேயே ஊதிவிடப்படுகிறது.

வெளியே வராத ஆய்வுகள் தனிப் பிரச்சினை. மன அழுத்தத்துக்கான 12 மருந்துகள் மீது நடந்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாகியிருந்த 74 ஆய்வுகளை 2008-ல் சிலர் தேடிப் பிடித்தார்கள். மருந்து பலன் தந்தது என்று அந்த அமைப்பு ஏற்றவை 38. அவற்றில் 37 இதழ்களில் வெளியாயின. பலன் இல்லை அல்லது சந்தேகம் என்றவை 36. அவற்றில் 22 வெளிவரவே இல்லை, 11 நல்ல முடிவு வந்ததுபோல எழுதப்பட்டன, உள்ளது உள்ளபடி வெளியானவை வெறும் 3. இதனால் அந்த மருந்துகள் வேலை செய்யாது என்று எடுத்துக்கொண்டு யாரும் நிறுத்திவிடாதீர்கள். இதழ்களில் தெரிந்ததை விடப் பலன் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மன அழுத்த மாத்திரையைத் திடீரென்று விடுவது கேஸ் மாத்திரையை விடுவதை விடவும் சிக்கலானது.

இந்த மாதிரிக் கூத்துகளுக்குப் பிறகு இப்போது கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம். 2005 முதல் முக்கிய மருத்துவ இதழ்கள், ஆள் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்யாத மருந்து ஆய்வுகளை வெளியிட மறுக்கின்றன. உலக சுகாதார அமைப்பின் இணையதளத்தில் பல நாட்டுப் பதிவேடுகளையும் ஒரே இடத்தில் தேடலாம்; காசு கிடையாது. எதை அளக்கப்போகிறோம் என்று ஆரம்பத்தில் எழுதிக்கொடுத்ததும் கடைசியில் கட்டுரையில் பெருமையாகச் சொல்வதும் ஒன்றுதானா என்று அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், ஒரே கேள்வி மீது நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசும் காக்ரேன் குழுவின் எளிய சுருக்கங்களைப் படிக்கலாம். நான் நோயாளிகளுக்குச் சொல்வது இன்னும் சுலபம்: செய்தியை அழிக்காதீர்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், அடுத்த முறை வரும்போது போனைக் கொண்டுவந்து காட்டுங்கள். அதற்குள் தூக்கம் வராத அளவுக்குப் பயமாக இருந்தால், அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டாம், மறுநாளே வாருங்கள்.